மதுரையில் ஞாயிறு காலை எங்கே போகலாம்?

கேள்வி இதுதான்: "மதுரைக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள் ஆகின்றன. மீனாட்சி அம்மன் கோயில், மஹால், காந்தி மியூசியம் எல்லாம் பார்த்தாயிற்று. 8 வயதிலும் 12 வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வார விடுமுறையில் ஊருக்கு வெளியே, இயற்கையோடு இருக்கிற மாதிரி எங்கே போகலாம்? கூட்டாகப் போகிற குழுக்கள் உண்டா? அந்தந்த இடத்தின் கதையும் தெரிந்தால் சொல்லுங்கள். கொடைக்கானல் வேண்டாம்."

கொடைக்கானல் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், ரொம்ப நல்லது. மதுரையைச் சுற்றி அரைமணி, முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடங்களே ஒரு வருஷத்துக்குப் போதும். ஊருக்குள் இருக்கும்போது இது தெரியாது. ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்று பாருங்கள். வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலையும் சமணமலையும், வடக்கே அழகர்மலை, அதற்குப் பின்னால் சிறுமலை. மேலூர்ப் பக்கம் போனால் வயலுக்கு நடுவே சின்னச் சின்னப் பாறைக்குன்றுகள். இவற்றில் பல பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள். அந்த உருமாற்றம் நடந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மேலே இருந்த மண்ணும் கல்லும் கரைந்து போய், கெட்டியான பாறை மட்டும் இன்று வெளியே நிற்கிறது.

பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைக் காட்டுங்கள். எந்தக் குன்றின் அடியில் போய் நின்றாலும் பக்கத்தில் ஒரு கண்மாய் இருக்கும், கண்மாய்க்கரையில் ஒரு அய்யனாரோ கருப்பசாமியோ இருப்பார், அதற்கடுத்து ஊர், ஊரைத் தாண்டி வயல். இது தற்செயலாக அமைந்ததில்லை. மொட்டைப் பாறையில் விழுகிற மழை உள்ளே இறங்காது. அப்படியே வழிந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து கண்மாய்க்கும் போகும். வைகை தண்ணீர் எட்டாத மேட்டுப் பக்கங்களில் குன்றுதான் கண்மாய்க்கு நீர் தருகிறது. மலையை வெட்டினால் ஏன் விவசாயிகள் முதலில் தெருவுக்கு வருகிறார்கள் என்பது இங்கே ஒரு தடவை நின்று பார்த்தாலே புரிந்துவிடும்.

வரலாறும் இதே தண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டு வருகிறது. 2,000 ஆண்டுகளுக்கு முன்பு சமணத் துறவிகள் தங்க இடம் தேடியபோது அவர்களுக்கு வேண்டியிருந்தது நிழல், ஒரு சுனை, நகரத்துக்கு ரொம்பத் தூரமும் இல்லாத ரொம்பப் பக்கமும் இல்லாத அமைதி, பிச்சைக்குப் போக ஒரு ஊர். இந்தக் குன்றுகளில் எல்லாமே இருந்தது. அதனால் மதுரையைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்ட குன்றுகளில் கல்படுக்கைகளும், அவற்றை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லும் தமிழி எழுத்துகளும் (தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம்) கிடைத்திருக்கின்றன. ஊர்க்காரர்களிடம் விசாரிக்கும்போது "பஞ்சபாண்டவர் படுக்கை எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். இந்தக் கல்படுக்கைகளுக்கு ஊரில் அதுதான் பெயர், உடனே கை நீட்டிக் காட்டுவார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? பிள்ளைகளோடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கீழக்குயில்குடி. மதுரையிலிருந்து மேற்கே தேனி சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், நாகமலை புதுக்கோட்டை பக்கம். சமணமலை அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம், பக்கத்திலேயே அய்யனார் கோயில். கோயில் வாசலில் நிற்கிற பெரிய குதிரைகளைப் பார்த்ததுமே பிள்ளைகளுக்கு அந்த இடம் பிடித்துவிடும். காலையில் போனால் குளத்தில் தாமரை இலைகளுக்கு நடுவே முக்குளிப்பான் பறவை மூழ்கி எழுவதைப் பார்க்கலாம். எங்கே மூழ்கியது, எங்கே தலைதூக்கும் என்று பந்தயம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே நேரம் போவது தெரியாது.

அங்கிருந்து படி ஏறினால் பேச்சிப்பள்ளம். கொஞ்ச தூரம்தான், எட்டு வயதுப் பிள்ளை தானாகவே ஏறிவிடும். மேலே ஒரு சுனை, அதை ஒட்டிய பாறைச் சுவரில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், பெரும்பாலும் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வழிபடும் ஞானிகள். காலம் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டு. சிற்பங்களின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சில வரிகள் இருக்கின்றன, யார் செய்து வைத்தது என்று. அவற்றில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார் என்ற பெண். அச்சணந்தி என்ற துறவியின் தாயார். மகனின் பெயரால் தன்னை அடையாளம் சொல்லிக்கொண்டு அந்தத் தாய் பாறையில் நிற்கிறார். இந்த அச்சணந்தி என்ற பெயரை மறந்துவிடாதீர்கள், அரிட்டாபட்டியில் மறுபடியும் சந்திப்பீர்கள்.

இன்னும் மேலே ஏறினால் ஒரு பழைய சமணப் பள்ளியின், அதாவது துறவிகள் தங்கிய மடத்தின், அடித்தளம் மட்டும் இருக்கிறது. மாதேவிப் பெரும்பள்ளி என்று பெயர். பாண்டியர் காலத்தில் ஓர் அரசியின் பெயரால் எழுந்தது. கட்டடம் போய்விட்டது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் வயலும் கண்மாயும், மறுபக்கம் நாகமலையின் நீண்ட முதுகும் தெரியும். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அதற்கு அடிவாரத்திலேயே சுற்றிக்கொண்டு போக வேண்டும். வெளியே மகாவீரர் பெரிய உருவமாக உட்கார்ந்திருக்கிறார், குகைக்குள் ஐந்து சிற்பங்கள். அதில் ஒன்றை நின்று பாருங்கள். சிங்கத்தின் மேல் ஏறிய இயக்கி (சமணரின் காவல் தெய்வம்), யானை மேல் வருகிற ஒருவனோடு போர் செய்கிறாள். அமைதியான தீர்த்தங்கரர்களுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு சண்டைக் காட்சி. என் கணக்கில் மதுரைச் சமணச் சிற்பங்களிலேயே உயிருள்ளது இதுதான். குகைக்குள் காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்த வில்லும் சிங்கத்தின் வாயும் தெளிவாகத் தெரியும்.

அடுத்து அரிட்டாபட்டி. இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். மேலூர் சாலையில் மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். ஆனைகொண்டான் கண்மாய் உள்ளிட்ட ஏராளமான ஏரி குளங்கள், சுனைகள், ஊற்றுகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193.215 எக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சுமார் 250 பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் உண்டு, ஆனால் அவை பகலில் உங்கள் கண்ணில் படும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் பார்க்கக்கூடியவை வேட்டைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு என்று மூன்றுமே இந்தக் குன்றுகளில் உண்டு. ஒரே ஊரில் இவை மூன்றும் இருப்பது சாதாரண விஷயமில்லை. செங்குத்துப் பாறையின் இடுக்கில் கூடு, கீழே திறந்த வயலும் புதர்க்காடும் வேட்டைக்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும், இங்கே இருக்கிறது. காலை வெயில் பாறையில் பட்டு, காற்று சூடாகி மேலே எழும்பத் தொடங்கும் நேரத்தில் அண்ணாந்து பாருங்கள். கூடு இருக்கும் பாறையை நெருங்கிப் போக வேண்டாம். கீழே வயல் வரப்பில் நின்றே நன்றாகப் பார்க்கலாம். சாதாரண பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும், விலையுயர்ந்த கேமரா தேவையே இல்லை.

அதே ஊரில் கழிஞ்சமலையில் கல்படுக்கைகள் இருக்கின்றன. படுக்கை என்றால் நிஜமாகவே படுக்கைதான். பாறைத் தளத்தை ஆள் நீளத்துக்கு வழவழப்பாகத் தேய்த்து, தலை வைக்கிற இடத்தைச் சற்று மேடாக விட்டிருக்கிறார்கள். குகையின் நெற்றியில், மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியிலேயே சொட்டும்படி ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை அந்தக் காடியைக் கவனிக்கச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில்தான் எழுத்துகளும் இருக்கும். கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று அறிஞர்கள் கணிக்கும் அந்த எழுத்துகளில் நெல்வேலியைச் சேர்ந்த ஒரு செழியனின் பெயர் வருகிறது. இன்றைக்குத் தமிழ் படிக்கிற பிள்ளைக்குக்கூட ஒன்றிரண்டு எழுத்து பிடிபடும். க என்பது ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அவர்களை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

முன்பு சொன்ன அச்சணந்தி இங்கேதான் வருகிறார். குகைத்தளத்துக்கு அருகில் தீர்த்தங்கரர் சிற்பம் ஒன்று, அதன் வட்டெழுத்து அது அச்சணந்தி செய்வித்த திருமேனி என்கிறது. தாய் அந்தப் பக்கம் கீழக்குயில்குடியில், மகன் இந்தப் பக்கம் அரிட்டாபட்டியில். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பேரையும் பார்த்துவிடலாம். மலையின் மறுபக்கத்தில் பாறையைக் குடைந்த சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. முற்காலப் பாண்டியர் காலத்தது. அங்கே சிவனின் ஒரு வடிவமான லகுலீசர் சிற்பம் உண்டு, தமிழ்நாட்டில் மிக அரிதாகவே கிடைக்கிற உருவம் அது. கோயிலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். மயிலும் ஆள்காட்டியும் கத்துவதைத் தவிர வேறு சத்தம் கேட்காது.

இந்த ஊரின் அண்மைக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏல முடிவு அறிவிக்கப்பட்டது. 2,015.51 எக்டேர். அரிட்டாபட்டியின் பல்லுயிர்த் தலமும் அதற்குள்ளேயே வந்தது. மேலூர் வட்டாரமே எழுந்துவிட்டது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், டிசம்பரில் சட்டப்பேரவையில் தீர்மானம் வந்தது, 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளத்துக்கு நடந்தே வந்தார்கள். அந்த ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கழுகுக்காக வந்தவர்கள், கல்வெட்டுக்காக வந்தவர்கள், கண்மாய்த் தண்ணீருக்காக வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். அதற்கு முன்பு பல ஆண்டுகளாகப் பறவை பார்க்கிறவர்களும் கல்வெட்டு படிக்கிறவர்களும் அந்த ஊருக்குப் போய் வந்து எழுதி வைத்திருந்ததால்தான், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டபோது கையில் பட்டியல் இருந்தது. வார விடுமுறை நடை வெறும் பொழுதுபோக்கு என்று நான் நினைக்காததற்கு இதுவே காரணம்.

குழு கேட்டீர்களே, மதுரையில் அதற்குப் பசுமை நடை இருக்கிறது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கியது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கப் போகிறோம் என்று அப்போது ஒரு பேச்சு கிளம்பியது. ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கத்து மக்கள் மலையில் உளி படவே கூடாது என்று நின்று அதைத் தடுத்தார்கள். அந்தச் சமயத்தில் மலையைப் பார்க்கக் கூட்டமாகப் போனதுதான் பிறகு மாதம் ஒரு ஞாயிறு நடையாக வளர்ந்தது. விடிகாலையில் ஓரிடத்தில் கூடி, வண்டிகளில் சேர்ந்து போய், மலையேறி, அங்கேயே உட்கார்ந்து அந்த இடத்தின் வரலாற்றைக் கேட்பது, பிறகு எல்லோரும் சேர்ந்து காலைச் சாப்பாடு. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பல நடைகளில் கல்வெட்டுக்கு முன்னால் நின்றே அதைப் படித்து விளக்கியிருக்கிறார். ஒரு கல்வெட்டைப் புத்தகத்தில் பார்ப்பதும், அதைப் படிக்கத் தெரிந்தவர் விரலால் தொடர்ந்து காட்ட நேரில் கேட்பதும் ஒன்றல்ல. குடும்பத்தோடு வருகிறவர்கள் நிறைய, பிள்ளைகளுக்கு உடனே நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள். அடுத்த நடை எப்போது, எங்கே என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

யானைமலைக்குத் தனியாகவும் போகலாம். ஒத்தக்கடையில் திரும்பி நரசிங்கம். குடைவரையில் இருக்கிற நரசிங்கப் பெருமாள் கோயில் கி.பி. 770ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கி, அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. பக்கத்திலேயே லாடன் கோயில் என்று சின்னக் குடைவரை, முருகனுக்கானது. மலைமேல் உள்ள சமணச் சிற்பங்களில் பழைய வண்ணப்பூச்சு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. மேலே ஏறுவது பிள்ளைகளுக்குச் சிரமம். முதல் தடவை கீழேயே பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏறுவதில் ஆசை என்றால் மேலூர்ப் பக்கத்து மாங்குளம் மலை. 1882இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் அங்கே எழுத்துகளைப் பார்த்துப் பதிவு செய்தார். 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அது தமிழ்தான் என்று காட்டினார். 1965இல் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியப் பெயரைப் படித்தார். பாறை ஒரே பாறைதான், அதைப் படித்து முடிக்க இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதே கல்வெட்டுகளில் வெள்ளறையைச் சேர்ந்த ஒரு வணிகக் குழுவும் வருகிறது. வணிகர்கள் என்றால் அழகர்மலையின் கிடாரிப்பட்டிப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்குள்ள குகைத்தளத்துக்குக் கொடை தந்தவர்கள் உப்பு வணிகர், துணி வணிகர், வெல்ல வணிகர், ஏர்க்கொழு விற்ற கொழு வணிகர், மதுரைப் பொற்கொல்லர். மாசி வீதிகளில் இன்று இருக்கிற கடைகளையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியாது.

மலை ஏற முடியாத வாரங்களில் கண்மாய். மழை நல்லபடியாகப் பெய்த வருஷம், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சாமநத்தம், வண்டியூர், குன்னத்தூர் கண்மாய்கள் எதற்கு வேண்டுமானாலும் போகலாம். மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கூழைக்கடா, தாழைக்கோழி, நாமக்கோழி இவற்றைப் பார்க்க நிபுணராக இருக்கத் தேவையில்லை. சாமநத்தம்தான் என் முதல் தேர்வு. அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்க வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்டு வருகிறார்கள், நானும் அதையே சொல்வேன். பொங்கலின் நான்கு நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று பார்த்த பறவைகளை எண்ணிக் குறித்து இணையத்தில் ஏற்றினால் போதும். மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம். ஜல்லிக்கட்டு பார்க்கப் போகிற வழியில் ஒரு கண்மாய்க்கரையில் நின்றும் செய்யலாம்.

கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா வரும். மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி பக்கத்தில் மாசி, பங்குனி, சித்திரையில் இது நடக்கும். நான் பார்த்த ஊர்த் திருவிழாக்களில் இதற்கு இணையாக ஒன்றில்லை. விடியும் முன்பே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கரையைச் சுற்றி நிற்பார்கள். கையில் ஊத்தா, கச்சா, வலை, எதுவும் இல்லாதவர் கையில் கொசுவலை. ஊர்ப் பெரியவர்கள் கரையில் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அவ்வளவுதான், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள். ஊத்தா என்பது அடியிலும் மேலேயும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் அதைக் குத்தி நிறுத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி எது வேண்டுமானாலும் கிடைக்கும், ஒன்றுமே கிடைக்காமலும் போகும். பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்து உறவுக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். இப்படி எல்லோரும் கூடிப் பிடித்துச் சாப்பிட்டால் அடுத்த மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை. எந்த ஊரில் எந்த நாள் என்று முன்கூட்டியே பட்டியல் எல்லாம் வராது. மேலூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சாதி, மதம், உள்ளூர், வெளியூர் என்று பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளைக் கரையில் நிறுத்திக்கொண்டு நீங்கள் இறங்கலாம்.

இன்னும் ஒன்று. நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காடு, திண்டுக்கல் மாவட்டம். 2025இல் தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 4.97 எக்டேர்தான். சாமிக்கு விட்ட காடு என்பதால் ஊர்க்காரர்களே காத்து வைத்திருக்கிறார்கள். அழகர்மலை போகிற நாளில் அப்படியே இதையும் பார்த்துவிட்டு வரலாம்.

நடைமுறையாகச் சில விஷயங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம். மார்ச்சுக்கு அப்புறம் ஒன்பது மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிடும், அதனால் ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள், ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் பாறையில் பாசி வழுக்கும், ஏறாதீர்கள். மலைத்தேனீ கூடுகள் பாறை நெற்றியில் தொங்கும். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், புகை போடாதீர்கள், கீழே நின்று சத்தம் போடாதீர்கள். கல்படுக்கைகளின் மேல் பெயர் செதுக்கியிருப்பதையும் பெயின்ட் அடித்திருப்பதையும் பார்ப்பீர்கள், மனசு கொதிக்கும். உங்கள் பிள்ளைகள் கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தடவிப் படிக்க முயன்றாலும் தடுத்துவிடுங்கள், அதுவும் எழுத்தைத் தேய்க்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும், எழுத்து தானே எழும்பித் தெரியும். அதனால் டார்ச் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் நுழையும்போது டீக்கடையில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று பெரியவர் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். வழி சொல்வார்கள், சில சமயம் கூடவே வருவார்கள். எந்த மரத்தில் ஆந்தை இருக்கிறது, எந்தச் சுனை வற்றாது, எந்த வருஷம் கண்மாய் மறுகால் பாய்ந்தது என்று அவர்கள் சொல்கிற விவரம் எந்தத் தகவல் பலகையிலும் இருக்காது. இந்த ஞாயிறு கீழக்குயில்குடியிலிருந்து தொடங்குங்கள். பேச்சிப்பள்ளம் ஏறி இறங்கினாலும் பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடலாம்.